மரியநேசன் சொன்ன சாப்பாடு

மரியநேசனின் இரத்த உறவுக்காரர் அத்தனை பேரும் சனிக்கிழமை காலை ஆளுக்கொரு போத்தலில் சிறுநீர்ச் சோதனைக்கென்று சலம் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு வரவேண்டும் என்று ஊர் விதானையார் வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு போனபோது, கொக்கிளாயில் சிரிக்காதவர் இல்லை. செத்து நாலரை வருடமான ஒருவனுக்காக, இருக்கிறவர்களின் சலத்தைக் கேட்டுக் கொழும்பிலிருந்து ஜீப் வருகிறதென்றால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? மரியநேசனின் மனைவி புனிதம் மட்டும் சிரிக்கவில்லை. வெள்ளிக்கிழமை பின்னேரமே ஒரு சின்னப் போத்தலைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவி, வெயிலில் கவிழ்த்து வைத்தாள்.

அது அறுபத்திரண்டாம் ஆண்டு வைகாசி மாதம். சொன்னபடி ஒன்பது மணிக்கு ஜீப் வந்தது. அதிலிருந்து இறங்கியது ஒரு பெண் டொக்டர். வெள்ளைச் சேலை, தடித்த கண்ணாடி, வயது முப்பத்தைந்துக்கு மேலிராது. பத்மாசனி என்று பெயர். பேச்சு யாழ்ப்பாணப் பேச்சு.

"நான் மருந்து குடுக்கிற டொக்டர் இல்லை," என்று வந்ததும் வராததுமாகச் சொன்னார். "வருத்தம் ஏன் வருகுதெண்டு தேடுறனான். மருந்து கேட்டு என்னைச் சுத்தாதேங்கோ."

பள்ளிக்கூட மேசையில் ஒரு ஸ்பிரிட் விளக்கை ஏற்றினார். கண்ணாடிக் குழாயில் நீலத் தண்ணீர் ஊற்றி, ஒவ்வொருவர் கொண்டுவந்ததிலும் எட்டுத் துளி அதில் விட்டுக் கொதிக்க வைத்தார். நீலம் நீலமாகவே நின்றால் நல்லது. பச்சையாகி, மஞ்சளாகி, செங்கல் நிறத்துக்கு வந்தால் சலத்தில் சீனி இருக்கிறது, ஆளுக்குச் சலரோகம். முதலில் வந்தவர் மரியநேசனின் தமையன் சூசைப்பிள்ளை. குழாய் கொதிக்கும்வரை அவர் கையில் செபமாலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நீலம். பிறகு அவருடைய பிள்ளைகள், சித்தப்பன் மக்கள், அத்தை, அத்தையின் மக்கள் என்று எல்லாமாகப் பதினொரு பேர். பதினொன்றும் நீலம். சனம் சந்தோசமாகக் கலைந்தது. டொக்டர் பதினொரு தடவை கொப்பியில் எழுதிக்கொண்டார். எழுத எழுத அவருடைய முகம் கொஞ்சம் விழுந்ததைப் புனிதம் கவனித்தாள்.

கடைசியாக அவள் போய் நின்றாள்.

"நீங்கள் மரியநேசனுக்கு என்ன முறை?"

"பெண்சாதி."

"அப்ப உங்களுக்குத் தேவையில்லை. இது இரத்த வழியில வருதோ எண்டு பாக்கிற சோதினை. நீங்கள் இரத்த உறவில்லைத்தானே?"

டொக்டர் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. ஆனாலும் புனிதத்துக்கு முகத்தில் அறைந்தது போலிருந்தது. போத்தலைச் சேலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டாள். ஏழு வருடம் அந்த மனிதனுடைய நோவை இரவும் பகலும் கையால் பிடித்துப் பார்த்தவள் அவள் ஒருத்திதான்.

மரியநேசனுக்கு வயிற்றுக்குத்துப் பத்து வயதிலேயே தொடங்கிவிட்டது. வந்தால் முழங்காலை நெஞ்சோடு மடக்கிக்கொண்டு சுருண்டு கிடப்பான். கலியாணம் முடித்த மூன்றாம் வருடம், அவன் சலம் விட்ட இடத்தில் எறும்பு மொய்த்ததைப் புனிதம்தான் முதலில் கண்டாள். முல்லைத்தீவு ஆஸ்பத்திரியில் சலரோகம் என்றார்கள். தின்னத் தின்ன மெலிந்தான். பிள்ளையும் உண்டாகவில்லை. ஐம்பத்தேழாம் ஆண்டு புரட்டாதியில் கண் மஞ்சளித்தது. கொழும்புக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். புனிதம் மாங்குளம் ஸ்ரேசன் வரை கூடப் போனாள். ஆஸ்பத்திரியில் ஆண்கள் படுக்கும் வாட்டில் பெண்கள் தங்க முடியாது, கொழும்பில் தெரிந்த வீடும் இல்லை. அதனால் சூசைப்பிள்ளை அவனைக் கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பினார். இரண்டு தபாலட்டை வந்தது. "நான் சுகம். ஒரு டொக்டரம்மா வந்து இரத்தம் எடுக்கிறவா. எங்கட பாசையில கதைக்கிறவா," என்று இரண்டாவதில் எழுதியிருந்தான்.

பிறகு மார்கழி வெள்ளம். குளங்கள் உடைத்தன, றோட்டு அறுந்தது, ரயில் நின்றது. மார்கழி இருபத்தேழாம் திகதி மரியநேசன் இறந்ததைச் சொன்ன தந்தி தை மாதம் நடுவில்தான் கொக்கிளாய்க்கு வந்து சேர்ந்தது. அவனுக்கு முப்பத்துநாலு வயது. எடுக்க ஆள் வராத சவங்களோடு ஆஸ்பத்திரிக்காரர் புதைத்துவிட்டார்கள். மாசியில் சூசைப்பிள்ளை போய்த் தேடியபோது, சேமக்காலைக் காவற்காரன் பெயர் போடாத மண்மேடுகள் கிடந்த ஒரு துண்டு நிலத்தைக் காட்டி, "இதுக்குள்ளதான் எங்கேயோ," என்றானாம். அதோடு இன்னொன்றும் அங்கிருந்து வந்தது. வாட்டுக்காரன் ஒருவன், "வயித்துக்குள்ள கல்லுப் பிடிக்கிற இந்த வருத்தம் சாராயக்காரருக்கு வாறது," என்று சூசைப்பிள்ளையிடம் சொல்ல, அவர் அதை ஊரில் யாருக்கோ சொல்ல, மரியநேசன் கள்ளமாகக் குடித்துச் செத்தவன் என்று கதை பரவிவிட்டது. அந்தக் கதைக்கு மறுமொழி சொல்லிச் சொல்லிப் புனிதம் களைத்துப்போய், ஒருநாள் சொல்வதையே விட்டுவிட்டாள்.

"ஆனா உங்களிட்ட ஒண்டு கேக்க வேணும்," என்றார் டொக்டர். "உள்ளதைச் சொல்லுங்கோ. அவர் குடிக்கிறவரோ?"

"இல்லை, டொக்டரம்மா."

"கள்ளு?"

"கள்ளு மணத்துக்கே எழும்பிப் போற மனிசன். மாதாவாணை."

டொக்டர் தலையாட்டினார். "அவரும் அப்பிடித்தான் சொன்னவர். வாட்டில ஒருத்தரும் நம்பேல்லை. நான் நம்பினனான்."

புனிதம் பிள்ளைகள் இருந்து படிக்கும் வாங்கில் இருந்துவிட்டாள். "நீங்களோ அந்த இரத்தம் எடுத்த டொக்டரம்மா?"

"ஓம். பதினொரு கிழமை. கிழமைக்கு மூண்டுதரம் போவன்."

பதினொரு கிழமை. அவளுக்குக் கிடைக்காத அந்தப் பதினொரு கிழமையும் இந்தக் கண்ணாடிக்காரியிடம் இருந்திருக்கிறது. புனிதம் அவருடைய கைகளைப் பார்த்தாள். மெலிந்த, மருந்துக் கறை படிந்த விரல்கள். அவை மரியநேசனின் கையைப் பிடித்து நரம்பு தேடியிருக்கும்.

"குடிக்காத ஆளுக்கு இது ஏன் வந்தது? அதுதான் என்ர கேள்வி," என்று டொக்டர் தொடங்கினார். பேசப் பேச அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. "இரைப்பைக்குப் பின்னால நாக்கு மாதிரி ஒரு உறுப்புக் கிடக்கு. சதையி எண்டு சொல்லுறது. முதல்ல அதில அழற்சி, உள்ளுக்குள்ள நெருப்புப் பத்தினமாதிரி. வருசக்கணக்கா வெந்து வெந்து தழும்பாகிக் கல்லுப் பிடிக்கும். தழும்பான சதையி வேலை செய்யாது, சலரோகம் வரும். கடைசியா அந்தத் தழும்பிலயே புற்றுநோய். ஒண்டுதான் மற்றதுக்கு வழி விடுகுதோ, இல்லாட்டி மூண்டும் தனித்தனியோ எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. உங்கட மனிசன்ர சதையியில மூண்டும் பக்கத்தில பக்கத்தில கிடக்கு. நான் அதை எத்தினை தரம் எடுத்துப் பாத்திருப்பன்..."

சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

"கிடக்கெண்டா?" என்றாள் புனிதம். "இப்பவுமோ?"

டொக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஓம். மருந்துச் சாடியில வைச்சிருக்கிறம். அவர் ஒப்பம் வைச்சுத் தந்தவர். 'எடுத்துப் பாருங்கோ, ஆனா வீட்டில சொல்லாதேங்கோ, அவா பயப்பிடுவா,' எண்டும் சொன்னவர். நான் வாய் தவறிச் சொல்லிப்போட்டன். குறை நினையாதேங்கோ."

புனிதம் பயப்படவில்லை. அவளுக்குள் எழுந்தது வேறொன்று. இருக்கும் இடம் தெரியாமல் போனவனில் ஒரு துண்டு இருக்கும் இடம் தெரிந்த ஒன்றாக, ஒரு கட்டடத்தில், ஒரு தட்டில் இன்னும் இருக்கிறது.

"அப்ப அவர் முழுசாப் போகேல்லை," என்றாள். "நான் வந்து பாக்கலாமோ?"

டொக்டர் கொப்பியில் ஒரு தாளைக் கிழித்து விலாசம் எழுதினார். "வாருங்கோ. அவர் தந்த சாப்பாட்டு விபரம் ஒண்டும் அங்க கிடக்கு. அதைச் சரிபாக்க எனக்கும் உங்களைத் தேவை."

வீட்டுக்குப் போகிற வழியில் சூசைப்பிள்ளை வாய் ஓயவில்லை. "போத்தலுக்க கிடக்கிற இறைச்சியைப் பாத்து என்ன பிள்ளை செய்யப் போறாய்? சனம் உன்னை விசரி எண்டும்."

"அத்தான், நீங்கள் அந்தச் சேமக்காலையில நிலத்தையாவது கண்டனீங்கள்," என்றாள் புனிதம். "நான் மாங்குளத்தில ரயில் போன பக்கத்தைத்தான் கண்டனான்."

ஆனி மாதம் அவர்தான் அவளைக் கூட்டிக்கொண்டு போனார்.

புறப்படுமுன் புனிதம் பங்குச் சுவாமியிடம் போய், ஒரு மனிதனின் உடம்பில் ஒரு துண்டை மட்டும் கொண்டுவந்தால் புதைத்துச் செபிக்கலாமா என்று கேட்டாள். சுவாமி தாடியைத் தடவிக்கொண்டார். "கொண்டு வா, பாப்பம்," என்றார். அவள் ஒரு பிஸ்கற் ரின்னைக் கழுவி, உள்ளே வெள்ளைத் துணி விரித்து, பன் புல்லில் இழைத்த பைக்குள் வைத்துக்கொண்டாள். அந்த ரின் எதற்கென்று சூசைப்பிள்ளை கேட்கவில்லை. முல்லைத்தீவில் ஒரு இரவு, மறுநாள் மாங்குளத்தில் பகல் ரயில், அன்றிரவு கொழும்பில் கொச்சிக்கடை அந்தோனியார் கோயில் மடம். ரயில் தெற்கே ஓட ஓட அவள் யன்னலோரம் இருந்து வெளியே பார்த்தபடி வந்தாள். மதவாச்சி, அனுராதபுரம், குருநாகல். இந்தப் பாதையால்தான் அவனும் போனான். இந்த மரங்களையெல்லாம் கண்டிருப்பானா, அல்லது நோவில் சுருண்டு கிடந்திருப்பானா? சூசைப்பிள்ளையிடம் கேட்டாள். "கண்ணை மூடிக்கொண்டுதான் கிடந்தவன்," என்றார் அவர். பிறகு என்ன நினைத்தாரோ, "இடைக்கிடை முழிச்சுப் பாத்தவன்," என்று சேர்த்துக்கொண்டார்.

டொக்டர் பத்மாசனியின் அறை ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் இருந்தது. படி ஏறும்போதே மூக்கை அரிக்கிற மருந்து மணம். சூசைப்பிள்ளை வாசலில் இருந்த வாங்கிலேயே இருந்துவிட்டார். உள்ளே சுவர் முழுக்கத் தட்டு, தட்டு நிறையக் கண்ணாடிச் சாடி. டொக்டர் ஒன்றை எடுத்து யன்னல் வெளிச்சத்தில் வைத்தார். மேலே பெயரில்லை. ஒரு இலக்கம் மட்டும் ஒட்டியிருந்தது.

புனிதம் குனிந்து பார்த்தாள்.

கூடுதலாக அவிந்துபோன கணவாய் போல, சாம்பலும் மஞ்சளுமாக ஒரு சதை. நெடுக்காகப் பிளந்திருந்தது. பிளந்த இடத்தில் கடலில் கிடக்கும் முருகைக்கல் மாதிரி வெள்ளையாக, முள்ளு முள்ளாகச் சில கற்கள். ஒரு முனை மட்டும் கட்டியாகத் திரண்டிருந்தது. டொக்டர் பென்சிலால் காட்டினார்: இது அழற்சியின் தழும்பு, இது கல், இது புற்றுநோய்.

புனிதம் காத்துக்கொண்டிருந்தாள். கண்டதும் நெஞ்சு வெடிக்கும் என்று நினைத்து வந்தவள். ஒன்றும் வரவில்லை. அவனுடைய வலது கைச் சுட்டுவிரலில் தூண்டில் நரம்பு அறுத்த வடு இருந்தது. இடது தோளில் வெயிலில் கறுத்த வட்டம். அவற்றைக் கண்ணை மூடிக்கொண்டும் அறிவாள். இதை அவள் அறியமாட்டாள். இது அவனில்லை என்றுதான் முதலில் தோன்றியது. இவ்வளவு தூரம் வந்தது இதற்கா என்று வாய்க்குள் கசந்தது.

பிறகு டொக்டர், "இது இருந்த இடம் இதுதான்," என்று தன் வயிற்றின் மேற்பக்கத்தில், நெஞ்செலும்புக்குக் கீழே, கையை வைத்துக் காட்டினார். உப்பு வறுத்துத் துணியில் கட்டி அவள் ஒத்தடம் கொடுத்தது அந்த இடத்துக்குத்தான். "கொஞ்சம் அமத்து," என்பான். அமத்துவாள். அவள் உள்ளங்கைக்கும் இதற்கும் இடையில் நாலு விரற்கடைதான் இருந்திருக்கிறது. சாடியின் மேல் கையை வைத்தாள். கண்ணாடி குளிர்ந்திருந்தது. டொக்டர் திரும்பி யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றார்.

கொஞ்ச நேரத்துக்குப் பிறகுதான் அவர் அலுமாரியைத் திறந்து தடித்த கோவையொன்றை எடுத்தார். "சாப்பாட்டு விபரம்," என்றார். "இங்கிலிசில எழுதியிருக்கு. நான் தமிழில சொல்லுறன். இது சரியோ எண்டு சொல்லுங்கோ."

மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வாசித்தார்.

"காலமை, பால் தேத்தண்ணி. அப்பம் இல்லாட்டிப் பாண், ஒரு முட்டை. மத்தியானம், சோறு, மீன்கறி, ஒரு மரக்கறி, சொதி. இராவில புட்டு, இறால் பொரியல். ஞாயிற்றுக்கிழமையில ஆட்டிறைச்சி, இல்லாட்டிக் கோழி. ஆர் சமைக்கிறது? மனிசி." ஒரு தாளைப் புரட்டினார். "இது நான் கேளாமல் அவர் சொன்னது. தேவையில்லைத்தான், எண்டாலும் எழுதிவைச்சிருக்கிறன். 'என்ர மனிசி வைக்கிற இறைச்சிக் கறி எங்கட ஊரில ஒருத்தரும் வைக்கமாட்டினம். கராம்பை இடிச்சுக் கடைசியாத்தான் போடுவா. சட்டியை இறக்கினாப் பிறகும் மூடியைத் திறக்க விடமாட்டா. எனக்குப் போட்டிட்டுத்தான் தான் சாப்பிடுவா. நான் போதும் எண்டாலும் இன்னொரு அகப்பை விழும்.'"

புனிதம் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இதுதான் எனக்கு இடைஞ்சல்," என்றார் டொக்டர். "இந்த வருத்தம் வந்த குடியாத ஆக்கள் ஆறு பேரை எனக்குத் தெரியும். அஞ்சு பேர் அரைவயிறாக் கிடந்து வளந்த ஆக்கள். உங்கட மனிசன் ஒருத்தர்தான் பாலும் முட்டையுமாச் சாப்பிட்டவர். இவரை நம்பினா, அரைவயிறுதான் காரணமெண்ட என்ர யோசினை பிழை. நம்பாமல் விடவும் ஏலாது, குடியில்லை எண்டதை நம்பினனான்தானே? அதால சொல்லுங்கோ. இது சரியோ?"

கலியாணம் முடித்த ஏழு வருடத்தில் அந்த வீட்டில் ஆட்டிறைச்சி வெந்தது இரண்டு தரம். முட்டையெல்லாம் கடைக்குப் போனது. பாலுக்கு மாடில்லை. உப்பில்லாத ஆஸ்பத்திரிச் சோற்றுக்கு முன்னால், யாரோ ஒரு படித்த பெண் கையில் கொப்பியோடு வந்து உன் வீட்டில் என்ன சாப்பாடு என்று கேட்டபோது, அவன் தன் மனைவியை விட்டுக்கொடுக்கவில்லை. அவளுக்குப் பாலும் முட்டையும் நிறைந்த ஒரு குசினியைச் சொல்லாலே கட்டிக் கொடுத்திருக்கிறான். நேரே அவளிடம் ஒருநாளும், "கறி நல்லாயிருக்கு," என்று சொன்னவனில்லை. பதினொரு கிழமை பசியிலும் நோவிலும் கிடந்து, வேற்று ஆளிடம் சொல்லியிருக்கிறான்.

ஓம் என்று சொன்னால் போதும். அந்தத் தாளில் அவள் என்றைக்கும் புருசனுக்குப் பாலும் முட்டையும் இறைச்சியும் போட்ட மனைவியாக இருப்பாள். இல்லையென்றால் அவன் பொய்க்காரனாவான். அதற்கு மறுமொழி சொல்ல அவன் இல்லை. சாடியைத் திரும்பிப் பார்த்தாள். உள்ளது தெரியட்டும் என்றுதானே உடம்பைக் கிழிக்கவும் சம்மதித்து ஒப்பம் வைத்தான்?

"இல்லை, டொக்டரம்மா," என்றாள்.

"எது இல்லை?"

"பாலில்லை. முட்டையில்லை. மரவள்ளிதான். காலமை அவிச்சது, மத்தியானமும் அதுதான், உப்பும் செத்தல் மிளகாயும் இடிச்சு வைச்சு. கடல் கொந்தளிக்கிற மூண்டு மாதமும் சோத்தை ஞாயிற்றுக்கிழமையிலதான் காணுவம். மீன்பிடிக்கிற வீடெண்டு பேர்தான். நல்ல மீனெல்லாம் விக்கப் போயிடும். அவர் சின்னனிலயும் அப்பிடித்தான் வளந்தவர். தேப்பன் கடலோட போனாப் பிறகு, தாய் கிழங்கு அவிச்சுக் குடுத்துத்தான் ரெண்டு பேரையும் வளத்தவா."

"தமையனும் அதைத்தான் சாப்பிட்டவரோ?"

"அதைத்தான்."

"அவருக்கு ஒண்டுமில்லை," என்று டொக்டர் தனக்குள் பேசுவதுபோலச் சொன்னார். "நீங்களும் அதைத்தானே சாப்பிட்டிருப்பியள். இது மட்டும் காரணமில்லை. ஆனா இதுவும் ஒரு காரணமா இருக்கும்." சிவப்புப் பேனையை எடுத்து, வாசித்த வரியின் தலையில் வைத்தார்.

"வெட்டாதேங்கோ," என்றாள் புனிதம். குரல் அவள் நினைத்ததைவிடப் பலமாக வந்துவிட்டது. "அவர் சொன்னது கிடக்கட்டும். பக்கத்தில நான் சொன்னதை எழுதுங்கோ."

"ரெண்டில ஒண்டுதானே சரியா இருக்கேலும்?"

"அது உங்களுக்கு. எனக்கு ரெண்டும் வேணும்."

டொக்டர் பேனையை மூடினார். பென்சில் எடுத்து ஓரத்தில் சின்ன எழுத்தில் எழுதினார். எழுதி முடித்ததும் புனிதம், அவர் கேளாமல் சொன்னதை இன்னொருதரம் வாசிக்கச் சொன்னாள். டொக்டர் வாசித்தார். இந்தமுறை மெதுவாக, நிறுத்தி நிறுத்தி வாசித்தார்.

"அந்தக் கராம்பு உண்மை," என்றாள் புனிதம். கண்ணீர் கன்னத்தால் ஓடிக்கொண்டிருந்தது, அவள் துடைக்கவில்லை. "ரெண்டே ரெண்டு தரம்தான் வைச்சனான். ரெண்டு தரமும் கடைசியாத்தான் போட்டனான். மூடியையும் திறக்க விடேல்லை."

போகும் நேரம் ரின்னைப் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தாள். டொக்டருக்கு விளங்கிவிட்டது. ஆராய்ச்சி முடிய இன்னும் இரண்டு வருடமாவது போகும், அதுவரை சாடியைக் கொடுக்க முடியாது என்றார். பிறகு மேசை லாச்சியைத் திறந்து ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயை எடுத்தார். சதையியிலிருந்து முன்பே எடுத்த கற்கள். பாதியை அரைத்துச் சோதித்தாயிற்று, மூன்று மிச்சம். "எனக்கு ஒண்டு காணும்," என்று சொல்லி, இரண்டைத் துணியின்மேல் வைத்தார். பயறளவு ஒன்று, புளியங்கொட்டையளவு மற்றது.

ஆடி மாதத்தில் ஒரு பின்னேரம் பங்குச் சுவாமி கொக்கிளாய்ச் சேமக்காலையில் அந்த இரண்டு கல்லுக்கும் செபம் சொன்னார். ஒரு முழக் குழிதான். சூசைப்பிள்ளை பாலைமரத்தில் ஒரு சிலுவை செய்து, பழுக்கக் காய்ச்சிய கரண்டியால் சுட்டுப் பெயர் எழுதி நட்டார். வந்த சனத்துக்கு நடுவில் நின்று, "என்ர தம்பி குடிச்சவனில்லை. கொழும்பு டொக்டரம்மா புத்தகத்தில எழுதியிருக்கிறா," என்று உரத்துச் சொன்னார். சொல்லிவிட்டு அழுதார்.

கல்லறை என்று ஒன்று வந்தால் மனம் ஆறும் என்று புனிதம் நாலரை வருடம் நம்பியிருந்தாள். ஆறவில்லை. முன்பு அவனைத் தேடியவள் இப்போது அந்தப் பதினொரு கிழமையைத் தேடத் தொடங்கினாள். இறைச்சிக் கறியைப் பற்றிச் சொன்னவன் வேறென்ன சொன்னான்? கிணற்றடியில், அடுப்படியில், வலை பொத்துகிற நேரத்தில் எல்லாம் அதுவே நினைவு. ஆவணியில் ஒரு தபாலட்டை வாங்கி டொக்டருக்கு எழுதினாள்: வேறு ஏதும் சொன்னாரா? மூன்று கிழமையில் பதில் வந்தது. தமிழில், அழகான சாய்ந்த எழுத்தில்.

"அன்புள்ள புனிதம், நீங்கள் சொன்ன விபரத்தோடு ஆறு பேரும் ஒரு வரிசைக்கு வந்துவிட்டார்கள். அதற்கு நன்றி. நான் அவரோடு கதைத்ததை விட அவரிடம் கேள்வி கேட்டதுதான் கூட. கோவையில் இல்லாத ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் ஊசி குத்த முன்னம், 'டொக்டரம்மா, வெளியில என்ன காத்து?' என்று கேட்பார். அந்த வாட்டு யன்னலால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர்தான் தெரியும். எனக்குக் காற்றைப் பற்றி ஒன்றும் தெரியாது. வாயில் வந்ததைச் சொல்லிவிட்டு இரத்தத்தை எடுத்துக்கொண்டு போய்விடுவேன். ஒருநாள் சோளகம் என்றேன். 'அது வைகாசி, ஆனியில வாற காத்து, இப்ப வராது,' என்று சிரித்தார். ஆனாலும் கேட்பதை விடவில்லை. நான் நூறு கேள்வி கேட்டேன். அவர் கேட்டது அந்த ஒன்றைத்தான். அதற்கு நான் ஒருநாளும் சரியாகப் பதில் சொல்லவில்லை."

புனிதம் அந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு இரண்டு நாள் யோசித்தாள். ஐந்து வருடத்துக்கு முந்திய நாட்களைக் கோயில் திருநாட்களோடு சேர்த்து ஒவ்வொன்றாக மீட்டுப் பார்த்தாள். சூசைப்பிள்ளையிடமும் கரைவலைக்காரரிடமும் கேட்டு நிச்சயப்படுத்திக்கொண்டாள். பிறகு இன்னொரு தபாலட்டை வாங்கி, இடம் காணாதென்று எழுத்தைச் சின்னதாக்கி எழுதினாள்.

"டொக்டரம்மாவுக்கு, ஐம்பத்தேழாம் ஆண்டு ஐப்பசி முழுக்கக் காற்று ஒருபக்கம் நில்லாமல் மாறி மாறி அடித்தது. சகல ஆத்துமாக்கள் திருநாளுக்குப் பிறகு வாடை பிடித்தது. கார்த்திகை நடுவில் நாலு நாள் காற்றே இல்லை, வலை காயவில்லை. மார்கழி மாதா திருநாளன்று நல்ல வாடை, வள்ளங்களை மேலே இழுத்துப் போட்டார்கள். இருபதாம் திகதிக்குப் பிறகு மழை, காற்று எந்தப் பக்கமென்று சொல்ல ஏலாது. இருபத்தேழாம் திகதி காலமை மழை விட்டது. வடக்கிலிருந்து மெல்லிய காற்று வந்தது. நான் வெளியில்தான் நின்றேன்."